பிடியரிசி போன வழி

கரிசல் சீமையில் அரிசிக்கு விருந்தாளி மரியாதை. ஆமத்தூரையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் எடுத்துக்கொண்டால், கண்மாய் பெருகிய வருஷம் கொஞ்சம் நெல் விளையும். மற்றபடி வானம் பார்த்த காடுதான். கம்பும் சோளமும் குதிரைவாலியும் அன்றாட வயிற்றை நிரப்பின. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும் உரியது. அப்படிப்பட்ட மண்ணில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு பள்ளிக்கூடம் அரிசியால் நடந்தது என்றால், அந்த அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆமத்தூரிலிருந்து மாட்டுவண்டி கட்டினால் காலைப் பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், அன்றைய விருதுபட்டிக்கு. இன்று நாம் விருதுநகர் என்கிற ஊர். பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய், கருப்பட்டி என்று கரிசலின் விளைச்சல் முழுக்க அங்கே வந்து கைமாறியது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் ஊரின் கைப்பணம் இன்னும் பெருகியது. வெளியூர்ச் சந்தைகளோடு கணக்கு வைத்திருந்த வியாபாரக் குடும்பங்களில் தினமும் அரிசி பொங்கினார்கள். உலையில் அரிசி போடுவதற்கு முன், அந்த வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில் தனியாக வைத்திருந்த கலயத்தில் போட்டுவிடுவாள். வாரக் கடைசியில் ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். சேர்ந்த அரிசி பணமாகி, வாத்தியார் சம்பளமாகியது. பிடியரிசியின் முதல் பயணம் இவ்வளவு சின்னது: அடுப்படியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடம் வரை.

பிடியரிசி எடுத்து வைப்பது விருதுபட்டி கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கோயிலுக்கும் மடத்துக்கும் அன்னதானத்துக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததுதான். மிசோரத்திலும் கிறிஸ்தவப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கி இன்றுவரை சபைக்காக வேளைக்கு ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். விருதுபட்டியில் புதுமை என்னவென்றால், சாமிக்குப் போய்க்கொண்டிருந்த பிடியை அவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார்கள்.

திருப்பியதற்குக் காரணம் இருந்தது. அந்த வியாபாரக் குடும்பங்கள் நாடார் குடும்பங்கள். வியாபாரத்தில் எவ்வளவு சம்பாதித்தாலும் நாடார்கள் பெரிய கோயில்களுக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்று தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. சிவகாசி விசுவநாதர் கோயில் நுழைவுப் பிரச்சினை 1899இல் பெரும் கலவரமாக வெடித்தது; அந்த வட்டாரத்தில் கிழவர்கள் அதை ‘சிவகாசிக் கொள்ளை’ என்றே சொல்லிவந்தார்கள். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களிடம் ஊருக்குள் கட்டுக்கோப்பான ஓர் அமைப்பு மட்டும் இருந்தது. உறவின்முறை என்று அதற்குப் பெயர். பேட்டைக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடிப்பார்கள். அந்தப் பணம் பொதுக்கிணறாகும், சத்திரமாகும், கோயிலாகும். 1889இல் விருதுபட்டியில் பள்ளிக்கூடமும் ஆனது. சத்திரிய வித்தியாசாலை என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே ஒரு சண்டை இருக்கிறது: தாங்கள் சத்திரியர் என்று அந்தச் சமூகம் அன்று வாதாடிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் மறுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் ஒரு சாதியின் உரிமைக் குரலாக இருந்தாலும் வகுப்பறை மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருந்தது. சம்பளம் இல்லாத படிப்பு. அன்றைக்கு அது அபூர்வமான சங்கதி.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. மகமை ஆண்கள் கொடுத்தது. மூட்டைக் கணக்கு, ரசீது, நிர்வாகக் குழு, கல்வெட்டு எல்லாம் அதற்கு உண்டு. பிடியரிசி பெண்கள் கொடுத்தது. அதற்குக் கல்வெட்டு கிடையாது. அரிசி கொடுத்த தாய்மார்களின் ஆண்பிள்ளைகள்தான் அந்தப் பள்ளியில் படித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு என்று சத்திரியர் பள்ளி பிறகுதான் வந்தது. வெகுகாலம் அவர்கள் தங்களுக்குக் கிடைக்காத படிப்புக்குப் படியளந்தவர்கள்.

அதே 1889இல், ஜப்பானின் யமகத்தா மாநிலத்தில் த்சுருவோக்கா என்னும் ஊரில், ஒரு புத்தக் கோயிலை ஒட்டிய பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியம் சோற்றுருண்டையும் உப்புமீனும் ஊறுகாயும் கொடுக்கத் தொடங்கினார்கள். பிக்குகள் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்து அதை நடத்தினார்கள். ஜப்பானியப் பள்ளி மதிய உணவின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், நிஜ ஜப்பானோடு இந்த ஒற்றுமையையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். ஒரே வருஷம், இரண்டு சின்ன ஊர், வீட்டு வாசலில் வாங்கிய அரிசி. அங்கே அது பிள்ளையின் வயிற்றுக்குப் போனது. விருதுபட்டியில் வாத்தியாரின் சம்பளத்துக்குப் போனது. அரிசி பிள்ளையின் தட்டுக்கு வர நமக்கு இன்னும் அறுபத்தேழு வருஷம் ஆனது.

அந்த அறுபத்தேழு வருஷத்தின் நடுவில் ஒரு பையன் வருகிறான். 1903 ஜூலை 15இல் விருதுபட்டியில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்த காமராஜ். திண்ணைப் பள்ளியில் எழுத்துப் பழகிவிட்டுச் சத்திரிய வித்தியாசாலைக்கு வந்தான். ஆறு வயதில் தகப்பனார் போய்விட்டார். நகையை விற்று வட்டிக்கு விட்டு வாழ்ந்த குடும்பத்துப் பையனுக்குச் சம்பளமில்லாத பள்ளி என்பது சாதாரண உதவி இல்லை. அவர் வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு கதை உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பள்ளியில் பிள்ளைகளிடம் காசு வசூலித்துப் பூசை செய்து சுண்டலும் பொரியும் கொடுத்தார்களாம். முண்டியடித்தவர்கள் அள்ளிக்கொண்டு போக, வரிசையில் நின்ற காமராஜுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. எல்லாரிடமும் ஒரே மாதிரி காசு வாங்கினால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டியது வாத்தியார் பொறுப்பில்லையா என்று வீட்டில் கேட்டானாம். நடந்ததோ, பிறகு சேர்ந்ததோ, கதை பொருத்தமாக அமைந்துவிட்டது. பொதுவில் திரட்டியதைப் பங்கிடுவது எப்படி என்பதுதானே அவருடைய பிற்கால அரசியலின் பாதி.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பிடியரிசி பள்ளிச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்தது. வீட்டு அடுப்பை எரிய வைக்கவில்லை. பையன் மாமா கருப்பையாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தான். இலவசப் படிப்பு மட்டும் ஓர் ஏழைப் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்காது என்பதற்குச் சத்திரிய வித்தியாசாலையின் மிகப் புகழ்பெற்ற மாணவரே சாட்சி. இன்று அந்தப் பள்ளி கே.வி.எஸ். மேல்நிலைப் பள்ளி. படித்து முடித்தவர்களைவிட முடிக்காமல் போன ஒருவராலேயே அதன் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிகிறது.

இதற்கிடையில் சென்னையில் வேறொரு முயற்சி நடந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. ஏழைப் பிள்ளைகள் வருகை கூடியது. சில பள்ளிகளுக்கு விரிந்து, தொடர்ந்து நடத்தப் பணம் இல்லாமல் இடையில் நின்றும் போனது. தட்டில் சோறு போட்டால் பள்ளி நிறையும் என்பது அப்போதே நிரூபணமான விஷயம். யார் காசு கொடுப்பது என்பதுதான் நிரூபணமாகவில்லை.

காமராஜர் 1954 ஏப்ரல் 13இல் முதலமைச்சரானார். ராஜாஜியின் அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டது முதல் வேலை. பொதுக் கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு வந்தார். மாடு மேய்த்த சிறுவனிடம் ‘ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை’ என்று முதலமைச்சர் கேட்டதும், ‘போனால் சோறு யார் போடுவார்’ என்று அவன் திருப்பிக் கேட்டதும் மேடைதோறும் சொல்லப்படுகிற கதை. அந்தச் சிறுவன் இல்லாவிட்டாலும் காமராஜருக்கு விடை தெரிந்துதான் இருந்திருக்கும். அதே கேள்வியை ஜவுளிக்கடையில் உட்கார்ந்து அவரே தன்னிடம் கேட்டிருப்பார்.

1956இல் எட்டயபுரம் வட்டாரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அரசாங்கத்தின் கஜானா திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் போட்டார்கள். இன்றைக்கு இவர் வீட்டு அரிசி, நாளைக்கு அவர் வீட்டுப் பருப்பு என்று நாள் குறித்துக்கொண்டார்கள். எட்டயபுரம் ஆமத்தூருக்குத் தெற்கே, அதே கரிசல். பாரதி பிறந்த ஊர். விருதுபட்டியின் அடுப்படிப் பழக்கம் ஒரு மாநிலத்தின் சோதனை முயற்சியாகி, முதல்முறையாகச் சாதி எல்லையைத் தாண்டியது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். விருதுபட்டியில் கொடுத்தது ஓர் உறவின்முறை. எட்டயபுரத்தில் கொடுத்தது ஊர். 1957 நவம்பர் 1 முதல் அரசு மானியம் வந்தது. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க, மீதியை உள்ளூர் ஏற்றது. கைப்பிடியும் கஜானாவும் சிறிது காலம் ஒரே பானையில் வெந்தன.

அதே வேகத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில். ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் தண்ணீர்த் தொட்டியும் விளையாட்டுச் சாமானும் வாங்கிக் கொடுத்தார்கள். சிலர் கட்டடமே கட்டினார்கள், நிலம் எழுதி வைத்தார்கள். 1960இல் இலவசச் சீருடை சேர்ந்துகொண்டது. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்க உதவி அமைப்பு பால்பவுடரும் எண்ணெயும் மாவும் அனுப்பியது. அறுபதுகளில் கரிசல் பள்ளிகளில் படித்து இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களைக் கேட்டால், அரிசிக்கு முன்னால் அந்தக் கோதுமை உப்புமாவின் வாசனையைத்தான் சொல்வார்கள். கம்மங்கூழ்ப் பிள்ளைகள் அயோவா, கான்சஸ் வயல்களின் விளைச்சலைச் சாப்பிட்டது ஒரு விநோதம்தான். பிடியரிசி பயணத்தில் அரிசியே காணாமல் போன சில வருஷங்கள் அவை.

இந்தக் காலகட்டத்தில் ஒரு தேர்தலையும் சொல்லிவிட வேண்டும். 1967இல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். ஊர்தோறும் பள்ளி திறந்தவரை மாணவர் இயக்கம் தோற்கடித்தது என்று பலரும் வருத்தமாகச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு வருத்தமாகத் தெரியவில்லை. படித்த பிள்ளைகள் எதிர்த்து ஓட்டுக் கேட்கிறார்கள் என்றால் பள்ளிக்கூடம் வேலை செய்திருக்கிறது.

இனி, பிடியரிசிக்கு வந்த போட்டியைப் பற்றி.

விருதுபட்டி விருதுநகரானது 1923இல். அதே ஆண்டில்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால் ஊன்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதை ஊரறிந்தது. பெரிய இயந்திரம் வேண்டாம், மழை வேண்டாம், கை மட்டும் போதும் என்ற தொழில் மழையில்லாத மண்ணுக்குப் பொருந்திப்போனது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, அச்சுத்தொழில் வந்தது. கல்லூரிகளும் வந்தன: 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. மகமைப் பழக்கத்துக்கு இவ்வளவு காய்க்கும் தெம்பு இருந்தது. ஆனால் அந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளின் சின்ன விரல்கள் தேவைப்பட்டன. சட்டத்தில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகம் என்றார்கள். உண்மையில் கூலி குறைவு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விருதுநகர்–சிவகாசி சாலையை ஒட்டிய கிராமங்களில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, அது ஆபீஸ்தான். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். இருட்டிய பிறகு இறக்கிவிடுவார்கள். ஏறக்குறைய 45,000 பிள்ளைகள் என்ற எண் அன்று பரவலாக எழுதப்பட்டது. வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தைப் பிள்ளை கழிக்க வேண்டும் என்பதால் பஸ்ஸைத் தவறவிடவும் வழியில்லை. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் அந்தப் பஸ்களைப் பார்க்கலாம்.

ஆக, ஊர் முக்கில் இரண்டு அழைப்பு. ஒன்று விடிகாலை பஸ், கையில் கூலி. மற்றது ஒன்பது மணிப் பள்ளி மணி, மதியம் ஒரு தட்டு சோறு.

அந்தச் சமயத்தில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சி. கும்பகோணத்தில் பள்ளி நாள்களில் பசி பார்த்தவர் அவர். அதைத் திட்டத்தின் காரணமாகத் தானே சொல்லியிருக்கிறார். முதலில் கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை. அந்த ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு. 1984இல் பதினைந்து வயது வரை. இவ்வளவு பணம் எங்கிருந்து வரும், ஓட்டுக்காகச் செய்கிறார், நிபுணர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று லட்சக்கணக்கில் பெண்களுக்கு வேலை கிடைத்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. பிடியரிசி கொடுத்த பெண்ணுக்குக் கல்வெட்டு இல்லை என்றேன். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்துச் சோற்றுக்காக ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக அரசாங்கச் சம்பளப் பட்டியலில் ஏறியது. குறைந்த சம்பளம்தான், இன்றும் அதற்காகப் போராடுகிறார்கள். ஆனாலும் ஏறியது.

இந்த இடத்தில் கைப்பிடி மறைந்துவிட்டது. ஊரின் பங்கு என்று எதுவும் இல்லை. வரிப்பணத்தில் உணவுக் கழகக் கிடங்கிலிருந்து மூட்டை வருகிறது. கொடுப்பவர் முகம் தெரியாமல் போனது இழப்பு என்று சொல்பவர்கள் உண்டு. என் எண்ணம் வேறு. முகம் தெரிந்த கை கொடுக்கும்போது வாங்குகிற பிள்ளைக்கும் ஒரு முகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், நன்றியுள்ள முகம். மூட்டை கிடங்கிலிருந்து வந்தால் அந்தத் தொல்லை இல்லை. சாப்பாடு உரிமையானது இப்படித்தான். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்த வரிசையில் தட்டோடு நிற்கத் தொடங்கி ஒரு தலைமுறையே ஆகியிருந்தது.

உரிமையானாலும் சாதி பானையைத் தொடாமல் விடவில்லை. தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று 2018இல்கூடத் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பெற்றோர் மறித்தார்கள், வழக்காகிச் செய்தியானது. செய்தியாகாமல் போனவை எத்தனையோ. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் கட்டிய பள்ளியிலிருந்து புறப்பட்ட அரிசி, இன்னொருவரை அடுப்படி வாசலில் தடுப்பவர்களின் கண்ணெதிரே வெந்துகொண்டிருக்கிறது.

சத்துணவு தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸை நிறுத்தியதா? உடனே இல்லை. 1982க்குப் பிறகும் பதினைந்து வருஷத்துக்கு மேல் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வேளைச் சோறு பிள்ளையின் வயிற்றுக்குப் பதில் சொன்னது, வீட்டின் கடனுக்குப் பதில் சொல்லவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை முதலாளி கட்ட வேண்டும் என்றது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடந்தன. அங்கேயும் மதியச் சோறு உண்டு. தீப்பெட்டி வேலையில் இயந்திரம் புகுந்தது, பட்டாசில் பெரியவர்களின் கூலி ஏறியது. எல்லாம் சேர்ந்துதான் பஸ் காலியானது. தனியாக அரிசிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளை போய் நிற்க ஓர் இடமும் அங்கே ஒரு தட்டும் தயாராக இருந்தன என்பதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். காமராஜர் மாவட்டம் என்று 1985இல் பிரிக்கப்பட்டு, பின்னால் விருதுநகர் மாவட்டமான இதே பகுதி, பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. குழந்தைத் தொழிலாளருக்குப் பேர்போன மண்.

பாடத்தில் முதலிடம் சரி, மைதானம்?

பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது வெகுகாலம் டிரில்தான். 1920இல் சென்னையில் எச்.சி. பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகே விளையாட்டுக்கென்று பயிற்சி பெற்ற வாத்தியார்கள் மாகாணமெங்கும் போனார்கள். அதற்குப் பிறகும் கரிசல் கிராமத்துப் பள்ளியில் பி.டி. வாத்தியார் கையில் ஒரு விசிலும் காற்றுப்போன பந்தும் இருந்தால் அதிகம். வகை வகையாய்ச் சாமான் வேண்டாத சடுகுடுவும் ஓட்டமும்தான் செழித்தன. கே.வி.எஸ். மாதிரி மகமைப் பள்ளிகளுக்கு மைதானம் என்ற சொத்து இருந்தது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்குப் பொருட்காட்சி போடுவதும் கே.வி.எஸ். மைதானத்தில்தான், ஊர்ப்பணத்தில் வந்த இடம் ஊருக்கும் உதவுகிறது.

ஓடுகிற பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது. அதற்கு விடையாக முட்டை வந்தது. கலைஞர் ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து என்று ஆனது. கிராமத்து உடற்கல்வி ஆசிரியர்கள் தங்கள் துறைக்குக் கிடைத்த நல்ல உபகரணமாக இந்த முட்டையைத்தான் சொல்வார்கள். சொல்வது வேடிக்கையாக இருக்கும், விஷயம் வேடிக்கை இல்லை. பக்கத்துக் கோவில்பட்டியைப் பாருங்கள். அதுவும் தீப்பெட்டி ஊர், அதுவும் கரிசல். ஹாக்கி மட்டை அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பொருள். அந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடி வெண்கலத்தோடு திரும்பினார். கோவில்பட்டியில் விளையாட்டு விடுதி இருக்கிறது. பயிற்சியோடு மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. ஆட்டத் திறமை மட்டும் அந்த மண்ணுக்குப் புதிது இல்லை. மூன்று வேளைதான் புதிது.

ஆமத்தூர்ப் பக்கம் இப்போது தீப்பெட்டியைவிடப் பட்டாசு அதிகம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மருந்துக் கலவை வேலையை முடிக்க வேண்டும் என்பதால் ஆலை வேன்கள் சீக்கிரமே வந்துவிடுகின்றன. இப்போது அதில் ஏறுவது அம்மாவும் அப்பாவும். பிள்ளை வீட்டில். முந்தைய தலைமுறையில் வேனுக்குப் போன பிள்ளையின் பசி ஒரு பிரச்சினை. இந்தத் தலைமுறையில் வேனுக்குப் போன பெற்றோரின் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்பது பிரச்சினை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் மாநிலம் முழுவதற்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் அதற்காகவே தைத்த சட்டை மாதிரி இந்த வட்டாரத்துக்குப் பொருந்துகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். 2024இல் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போனது, காமராஜர் பிறந்த ஜூலை 15 அன்றே. 2025 ஆகஸ்ட்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும். உறவின்முறைகள் பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளிகளின் பரம்பரை இப்போது உதவி பெறும் பள்ளிப் பட்டியலில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அரிசி கொடுத்துப் பள்ளியை நடத்தினார்கள். இப்போது பள்ளிக்கு அரிசி வருகிறது.

பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதல்வர் விருதுநகரில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அதற்குத் தேவை இருக்கிறது என்பது நல்ல செய்தி இல்லை.

இன்றைய கணக்கு இது: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதியம் 100 கிராம் அரிசி, மேல் வகுப்புக்கு 150 கிராம். கைப்பிடியில் அளந்தால் மூன்று நான்கு பிடி வரும். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை; 1984இல் பதினைந்து வயது என்று போட்ட கோடு அப்படியே நிற்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்கு எதுவும் இல்லை. அதே பள்ளி, அதே மணி, அதே சமையல் கூடம். குடியரசு தின விளையாட்டுக்கும் பாரதியார் தினப் போட்டிக்கும் சாயங்காலம் ஆறு மணி வரை மைதானத்தில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகுப்புக்காரர்கள்தான். 2016இல் திருத்திய சட்டப்படி பதினெட்டு வயது ஆகும்வரை எந்தப் பிள்ளையையும் பட்டாசு ஆலைக்குள் விடக்கூடாது. ஆலைக்குப் போகாதே என்று சொல்லும் வயது பதினெட்டு, பள்ளியில் சாப்பிடு என்று சொல்லும் வயது பதினைந்து. இடையில் இருக்கும் மூன்று வருஷத்தில்தான் கரிசல் வீடுகளில் ‘படித்தது போதும்’ என்ற பேச்சு எழுகிறது; காமராஜருக்கு அது பன்னிரண்டில் எழுந்தது. தலைக்கு 150 கிராம் அரிசியும் ஒரு முட்டையும் இன்னும் இரண்டு வகுப்புக்கு நீட்டினால் ஆகும் செலவை, சட்டமன்றத்தில் யாராவது ஒரு விருதுநகர்க்காரர் எழுந்து கேட்கலாம்.